அறுநூற்று அறுபத்தைந்து பேர்



தாம்பரத்தில் ரயிலேறி கோட்டை ஸ்டேஷனில் இறங்குவதற்குள் நாற்பது பக்கம் படித்தேன். கம்பெனிக் கப்பல்காரர்களைப் பற்றிய ஆங்கிலச் சரித்திர நாவல். புயல், சாராயம், காப்டனின் காதல். 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இடம் பிடித்ததும் அதில் ஒரு சாகசம்தான். அலையில் படகு தள்ளுகிற கறுத்த உடம்புகளுக்குப் பேர் கிடையாது. வாயும் கிடையாது போல.

அதே கடற்கரையில் 1687இல் நடந்தது வேறு கதை. பஞ்சம். கவர்னர் எலிஹு யேல். கப்பலேற்றும் அடிமை ஒருவருக்கு ஒரு வராகன் வரி. அந்த வருஷம் ஒரே மாதத்தில் 665 பேரை ஏற்றினார்கள். 1688இல் தடை வந்தது. யேல் பேரில் அமெரிக்காவில் பல்கலைக்கழகம் இருக்கு.

நான் வங்கியில் பேரேடு எழுதுகிறவன். தொகை இருந்து பேர் இல்லாத பதிவு உறுத்துகிறது. பஞ்சத்தில் முதலில் விலைபோகிறவன் யாரென்று சேரியில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேணாம்.

வெள்ளைக்காரன் கணக்கு எழுதி வைத்தான், மாட்டிக்கிட்டான். பிடித்து வந்து விற்றவன், தரகு வாங்கினவன்? கப்பல் வருமுன்பே பண்ணையாளை நிலத்தோடு சேர்த்து விற்ற நாடு இது. கம்பெனியைத் திட்டி நாவல் எழுதுகிற நம் தேசியவாதிகள் இந்த இடத்தில் மட்டும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

அந்த 665இல் ஒருத்தி பேசுகிற கதை வேணும். ஆவணம் இல்லையே என்று தயங்காதீர்கள். உங்க பாட்டியிடம் பஞ்சக் கதை கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.