கணு விழும், வலை விழலாமா?

தலைமை இல்லாத கூட்டம் தழைக்குமா? தழைக்கும் என்பதே அறிவியல் மாணவனான என் கருத்து. ஆனால் அதற்கொரு விலை உண்டு, நண்பர்களே!

1999-இல் தோன்றிய நாப்ஸ்டர், எந்தப் பாட்டு எவரிடம் உள்ளது என்னும் பட்டியலைத் தன் நடுவக் கணினிகளில் வைத்திருந்தது. 2001-இல் நீதிமன்ற ஆணையால் நடுவம் ஓய்ந்தது. எல்லோர் தொடர்பும் அற்றது. அதே ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘கோர்டு’ என்னும் அமைப்பில் நடுவமே இல்லை. இணையத்தின்மேல் கணினிகள் தாமே பின்னிக்கொள்ளும் வலை அது. ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. எல்லாக் கணுக்களும் சமம்.

சமம்தான், ஆனால் நிலையானவை அல்ல. மின்சாரம் போகும், உரியவர் கணினியை மூடிவிடுவார். சொல்லாமலே கணு மறையும். ஆகவே கோர்டில் ஒவ்வொரு கணுவும் தனக்கு அடுத்துள்ள ஒன்றை மட்டுமல்ல, வரிசையாகப் பலவற்றை நினைவில் வைத்திருக்கும். கணுக்களில் பாதி ஒரே நேரத்தில் தற்செயலாக விழுந்தாலும், பத்துப் பேர் கொண்ட வரிசை முழுவதும் அழிய வாய்ப்பு ஏறத்தாழ 1024-இல் ஒன்றே!

“ஒரு கணு விழுந்த நொடியே ஓடிச் சீர்செய்க” என்பார் சிலர். நான் உடன்படேன். நெரிசலால் விடை தாமதித்தால், உயிரோடிருக்கும் கணுவும் இறந்ததாகத் தோன்றும். சீர்செய்யும் செய்திகள் நெரிசலைப் பெருக்கும். மேலும் பல கணுக்கள் ‘இறக்கும்’. இந்தச் சுழலை, பெர்க்லியில் ‘பாம்பூ’ அமைப்பை உருவாக்கியோர் 2004-இல் ஆய்ந்து காட்டினர். குறித்த இடைவெளியில் அமைதியாக நலம் விசாரிப்பதே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. இடைப்பட்ட நேரத்தில் பட்டியலில் பழைய பெயர்கள் சில தங்கும், உண்மைதான். அக்குறையைத் தாங்கத்தானே மாற்று அயலார் இருக்கின்றனர்!

2002-இல் வந்த ‘கடெம்லியா’வோ, நெடுநாள் நிலைத்த கணுவே இனியும் நிலைக்கும் என்று கணித்தது. பழையது பதில் தரும்வரை, புதியதற்காக அதை விலக்குவதில்லை. பிட்டோரண்டின் நடுவமற்ற தேடல் இம்முறையைத் தழுவியதே.

விழாத கணுவைத் தேடுவது வீண். விழுமுன்னே மாற்று வைப்பதே திறமை. விழுந்தபின் பதறுவது திறமையன்று.

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர் மாறி வந்த நமக்குப் பிரிவு புதிதா? பட்டம் பெற்றவர் போவார்; புதியவர் வருவார். நம் இதழின் பழைய படிகள் ஒருவர் கணினியில் மட்டும் உறங்கலாகாது. ஐந்து உறுப்பினர் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வோம்; பருவந்தோறும் ஒருமுறை சரிபார்ப்போம். போகிறவரைத் தடுக்க முடியாது. போகிறவரோடு இதழும் போகாமல் தடுக்க முடியும் அன்றோ?