தம்பி படிக்க, அண்ணன் கையெழுத்து!

தமிழ்நாட்டில் மே மாதம் வந்தால் இரண்டு சமாச்சாரம் தாராளமாகக் கிடைக்கும். ஒன்று, மாம்பழம். இன்னொன்று, ப்ளஸ் டூ முடித்த பையனுக்கு அட்வைஸ். மாம்பழத்துக்காவது காசு கொடுக்க வேண்டும்!

அட்வைஸ் சொல்பவர்களில் மூன்று டைப் உண்டு.

முதல் டைப்: "கவர்மென்ட் காலேஜா? ஃபேன்கூட ஓடாதே ஸார்! பேசாம பிரைவேட் யுனிவர்சிட்டில தள்ளிடுங்க. ஏஸி கிளாஸ் ரூம், நீச்சல் குளம்..." (பையன் படிக்கப்போவது கம்ப்யூட்டர் சயன்ஸ். நீச்சல் குளம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.)

இரண்டாவது டைப்: "நாங்கள்லாம் தெரு விளக்குல படிச்சோம்!" இவர் வீட்டில் 1965-லேயே கரண்ட் உண்டு.

மூன்றாவது டைப் எதுவும் சொல்ல மாட்டார். "எங்க படிச்சா என்னங்க, எல்லாம் அவன் கையிலதான் இருக்கு" என்று மேலே கையைக் காட்டிவிட்டு, இரண்டாவது காபிக்குக் காத்திருப்பார்.

மூன்று பேருக்கும் பொதுவான அம்சம் ஒன்றுதான். ஒருத்தரும் ஃபீஸ் கட்டப்போவதில்லை!

அப்படியானால் கட்டப்போவது யார்? நீங்கள்தான் ஸார். ஆமாம், மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பியபோது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்களேதான். வயது இருபத்தாறு. சம்பளம் முப்பதாயிரத்துச் சொச்சம். மேன்ஷன் ரூம். ஜாதகக் கட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. ஊரில் ஒரு தம்பி.

என் நண்பர் ஒருவருக்கு அட்சரம் பிசகாமல் இதே ஜாதகம். ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினார்.

"டேய், சின்னவனுக்கு அந்தப் பெரிய யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் குடுத்துட்டாங்கடா. வருஷம் ரெண்டரை லட்சம். பயப்படாத, பேங்க்ல லோன் தர்றாங்களாம். நான் ரிட்டயர் ஆயிட்டேன் இல்ல, அதனால நீ சும்மா ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டா போதும்..."

"சும்மா ஒரு கையெழுத்து" என்று யாராவது சொன்னால் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழியிலேயே விலை அதிகமான வாக்கியம் அதுதான்.

நண்பர் நேரே என்னிடம் வந்தார். நான் பி.காம். இந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, ஊரார் கணக்கைப் போட்டுத் தருவதுதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பஜ்ஜி மடித்த காகிதத்தின் பின்பக்கம் போட்டோம்.

வருஷத்துக்கு 2.5 லட்சம். நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம். ஹாஸ்டல், மெஸ் எல்லாம் தனி. அதை அப்பாவின் பென்ஷன் தலையில் கட்டிவிடுவோம். வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற நாலு வருஷம், அப்புறம் ஒரு வருஷம், ஆக ஐந்து வருஷம் தவணை கட்ட வேண்டாம். ஆஹா, எவ்வளவு நல்ல பேங்க் என்று தோன்றும். தவணைக்குத்தான் லீவு, வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது! தனி வட்டியாகவே போட்டாலும், ஐந்தாவது வருஷம் முடியும்போது மூன்றரை லட்சம் சேர்ந்துவிடும். பத்து லட்சம், பதிமூன்றரை லட்சமாக வளர்ந்து நிற்கும்.

அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை எவ்வளவு தெரியுமா? ரூபாய் 17,840. மொத்தத்தில் கட்டுவது 21 லட்சத்து 40 ஆயிரம்!

நண்பர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி வேலைக்குப் போய்க் கட்டிடுவான்ல?" என்றார், ஈனசுரத்தில்.

கட்டலாம். அவன் முதல் சம்பளம் மாதம் இருபத்தைந்தாயிரம் என்றால், தவணை போக மிச்சம் 7,160. அதில் ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் நடத்த வேண்டும். நடத்த முடியாத மாதம் பேங்க்காரர் யாரைத் தேடுவார்? "சும்மா ஒரு கையெழுத்து" போட்ட அண்ணனை! அன்றைக்கு அந்த அண்ணனுக்குக் கல்யாணமாகி, குழந்தைக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டுகிற நேரம் வேறு வந்திருக்கும்.

வருமான வரியில் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு. வட்டிக்கு மட்டும், எட்டு வருஷம் வரை, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். இதில் ஒரு வேடிக்கை. மனைவி, மக்கள் படிப்புக்கு வாங்கிய கடன் என்றால் சலுகை கிடைக்கும். தனக்கே வாங்கிக்கொண்டாலும் கிடைக்கும். தம்பி படிப்புக்கு அண்ணன் கட்டினால், சட்டப்படி அவன் கார்டியன் ஆக இருந்தாலொழிய, கிடையாது. அண்ணன்களின் தியாகம் இன்கம்டாக்ஸ் இலாகாவின் கண்ணில் இன்னும் படவில்லை!

2024-ல் மத்திய அரசு பி.எம். வித்யாலக்ஷ்மி என்றொரு திட்டம் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள நல்ல கல்லூரி என்றால் ஜாமீன் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரை வாங்கிய கடனுக்குத் தவணை ஆரம்பிக்கும்வரை 3 சதவிகித வட்டி மானியம். விசாரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மானியம் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும். அசல் கடைசி ஸ்டாப் வரை கூடவே வரும்.

சரி, மறுபக்கம் என்ன? கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ். 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, 1978-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருப்பது. கோவையில் ஜி.ஸி.டி., காரைக்குடியில் அழகப்பா, சேலம், திருநெல்வேலி, பர்கூர் என்று அரசுக் கல்லூரிகள். இங்கெல்லாம் நாலு வருஷப் படிப்புக் கட்டணத்தைக் கூட்டினாலும் மேற்படி யுனிவர்சிட்டியின் ஒரு வருஷக் கட்டணத்தை எட்டாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங் மூலம் போகிறவருக்குக் கட்டணச் சலுகை. 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு வேறு. அதில் சேர்ந்தால் படிப்புச் செலவு, விடுதிச் செலவு இரண்டுமே அரசாங்கத்துடையது. கவுன்சலிங்குக்கு வெளியே, தானே அட்மிஷன் போடுகிற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சலுகைகளைக் கேட்டால், ரிஸப்ஷன் பெண் அழகாகச் சிரிப்பார். அவ்வளவுதான்.

ஆனால் ஸார், "கவர்மென்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர், பிரைவேட் என்றால் ஓடு" என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நான்காவது டைப் ஆகிவிடுவேன்.

சரித்திரத்தைப் பாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949-ல் ஆரம்பித்தவர் ஸி.ராஜம் என்ற தொழிலதிபர். தன் வீட்டை விற்று ஆரம்பித்தார். அன்றைக்கு அது தனியார் கல்லூரி! ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பையனுக்கு அங்கே இடம் கிடைத்தது. சேருவதற்கு ஆயிரம் ரூபாய் அளவில் தேவை. அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பையன் பெயர் அப்துல் கலாம். பிற்பாடு அவர் என்ன ஆனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே எம்.ஐ.டி. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அரசு ஃபீஸ் கல்லூரி ஆகிவிட்டது.

ஆக, நகையை அடகு வைத்தும் படிக்கவைக்கலாம். வைத்த இடம் தகுதியானதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு சரித்திரம் சிதம்பரத்தில். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் உண்டாக்கிய பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. போர்டு மாறியது, ஆனால் அங்கே மருத்துவம் படித்தவர்களுக்குக் கட்டணம் மாறவில்லை. அவர்கள் வாரக்கணக்கில் போராடியபின் 2021-ல்தான் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது. ஆகவே போர்டைப் பார்க்காதீர்கள், கட்டண ரசீதைப் பாருங்கள்.

அடுத்து, பிளேஸ்மென்ட் நோட்டீஸ். வழவழ பேப்பரில், கோட்டு போட்ட பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கீழே "40 லட்சம்!" என்று இருக்கும். பக்கத்தில் "சராசரி 6.7 லட்சம்" என்று இருக்கும். பொய்யில்லை ஸார், கணக்கு சரிதான். பத்துப் பையன்களில் ஒருவனுக்கு 40 லட்சம், மீதி ஒன்பது பேருக்குத் தலைக்கு 3 லட்சம் என்றால், சராசரி 6.7 லட்சம் வந்துவிடும். ஆனால் ஒன்பது பேர் வீட்டில் 3 லட்சம்தான் சோறு போடும். நீங்கள் கேட்க வேண்டிய வார்த்தை 'மீடியன்'. எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்கிறவனின் சம்பளம் அது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குப் போட்டியிடும் கல்லூரிகள் இந்த எண்ணையும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். தேடிப் பாருங்கள். அந்தக் கோட்டு போட்ட பையனை விடுங்கள். அவன் எங்கே படித்திருந்தாலும் தேறியிருப்பான்.

என் சின்ன பி.காம். மூளைக்கு எட்டிய சூத்திரம் இது. அந்த மீடியன் சம்பளத்தில் தவணை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்றால், தாராளமாகக் கடன் வாங்கிச் சேருங்கள். கவுன்சலிங்கில் கிடைக்கிற கல்லூரியில் வாத்தியார் பற்றாக்குறை, லேப் பூட்டு என்றால், காசு கொடுத்து நல்ல இடத்தில் படிப்பது ஒன்றும் பாவமில்லை. பாதிக்கு மேல் தவணை விழுங்கும் என்றால், நீச்சல் குளத்தில் குதிப்பது பையன் அல்ல, குடும்பம்.

இன்னொரு முக்கியமான விஷயம், தேதி. தனியார் இடங்களில் ப்ளஸ் டூ ரிஸல்ட்டுக்கு முன்பே "இன்னும் ரெண்டு ஸீட்தான் இருக்கு" என்று அட்வான்ஸ் வாங்குவார்கள். அரசு கவுன்சலிங் அதற்கு அப்புறம்தான் நடக்கும். கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்திலேயே பலர் நல்ல அரசு ஸீட்டை விட்டுவிடுகிறார்கள். 2018-ல் யு.ஜி.ஸி. போட்ட விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசி அட்மிஷன் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதிகபட்சம் ஐயாயிரம் ரூபாய்தான் பிடிக்கலாம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். கவுன்ட்டரில் குரல் தானாகக் கம்பீரமாக வரும்.

நண்பர் கதைக்கு வருகிறேன். பஜ்ஜிக் காகிதத்தோடு ஊருக்குப் போனார். அப்பாவிடம் காட்டுவதற்கு முன்னால் தம்பியிடம் காட்டினார். இத்தனை நாளில் அந்தப் பையனிடம் கணக்கைச் சொன்னவர் யாருமே இல்லை. ஸீட் கிடைத்தது என்று சொன்னார்கள், கோட்டு போட்ட போட்டோவைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

பையன் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தானாம். "ஏண்ணே, இது முடியறப்ப எனக்கு முப்பத்திரண்டு வயசு ஆயிடுமே?" என்றானாம். அப்புறம், "உனக்கு நாப்பத்தொண்ணு ஆயிடும்" என்றானாம்.

கவுன்சலிங்கில் ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் இல்லை, எலெக்ட்ரிக்கல். பையனுக்கு முகம் சுண்டித்தான் போயிற்று. அந்த வருத்தம் நிஜம். அதைப் பத்து லட்சம் மிச்சம் என்ற ஸ்வீட்டைக் கொடுத்து ஒரே நாளில் தேற்ற முடியாது. அண்ணன் ஒன்று செய்தார். சம்பளத்திலிருந்து மாதம் இரண்டாயிரம் எடுத்து, தவணையில் தம்பிக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். புரோகிராமிங்கை ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து அவனே கற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்த லேப்டாப் தவணைக்கும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நண்பர் போட்டார். இந்தத் தடவை, தொகையைப் படித்துப் பார்த்துவிட்டு!