பனி நமக்கும் சேர்த்துதான்!

2015-ல் வந்த 'தி விட்சர் 3' கேமுக்குள் இருக்கும் 'க்வெண்ட்' சீட்டாட்டத்தில், வெதர் டெக் வெச்சு ஆடுறதைக் குறுக்குவழின்னு கிண்டல் பண்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

பனி கார்டு போட்டா, எதிராளியோட முன்வரிசை மட்டுமில்ல, நம்ம முன்வரிசை வீரர்களும் தலைக்கு 1 பாயிண்ட்டுக்கு இறங்கிடுவாங்க. மூடுபனி நடுவரிசைக்கு, மழை பின்வரிசைக்கு. ஆரம்பத்துல மூணையும் டெக்குல திணிச்சு, என் பனியிலேயே நான் உறைஞ்சு தோத்தேன். அப்புறம்தான் பலத்தைப் பின்வரிசையிலயும், வானிலை தொடாத ஹீரோ கார்டுகள்லயும் வெச்சேன், மழையைத் தூக்கிட்டேன்.

ஆரம்பத்துல கையில 10 கார்டு; ஜெயிக்க வேண்டியது 2 ரவுண்டு. எதிராளி முன்வரிசையை நிரப்புற வரைக்கும் பனியை வெளியே எடுக்கக் கூடாது. அவன்கிட்ட 'தெளிந்த வானம்' கார்டு இருந்தா அத்தனையும் வீண்.

சொல்லுங்க, இதுவா குறுக்குவழி?