ஊறுகாய் பாட்டிலுக்குள் கிராம்பு கேப்சூல்: 'கெமிக்கல்' ப்ரிசர்வேட்டிவுக்கு மாற்று கிடைச்சாச்சா?

சோமனூர் கடைவீதியில் ஒரு தக்காளி தொக்கு பாட்டிலை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பாருங்க. பொடி எழுத்தில் 'கிளாஸ் 2 ப்ரிசர்வேட்டிவ் (211)' என்று இருந்தால், சோடியம் பென்சோயேட் சேர்த்திருக்காங்க என்று அர்த்தம். 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். பிரெட் கவரில் வரும் 282, கால்சியம் ப்ரொபியோனேட். மூன்றுமே குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டவைதான்.

ஆனாலும் "கெமிக்கல் போடாததா குடுங்க" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அதிகமாகிட்டாங்க. வீட்டிலேயே தொக்கு, ஊறுகாய் போட்டு விற்பவர்களுக்கு இதுதான் தலைவலி. 211-ஐ நிறுத்தினால் பூஞ்சை பிடித்து சரக்கு திரும்பி வருது. போட்டால் வாடிக்கையாளர் லேபிளைப் பார்த்துட்டு அடுத்த பாட்டிலுக்குப் போயிடுறார். செடிகளில் இருந்து எடுத்த சாற்றை நுண்ணிய கேப்சூலில் அடைத்து உணவில் சேர்க்கும் தொழில்நுட்பம் இதற்குத் தீர்வாகுமா?

அஞ்சறைப் பெட்டியும் சட்டமும்

மசாலா கிருமியைத் தடுக்கும் என்பது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், சமையல் எண்ணெய் இவற்றோடு மசாலாப் பொருட்களையும் 'கிளாஸ் 1 ப்ரிசர்வேட்டிவ்' பட்டியலில் வைத்திருக்கு. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், பட்டையில் சின்னமால்டிஹைடு. இந்த எண்ணெய்ப் பொருட்கள் பாக்டீரியாவின் மேல்சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போட்டுடும். உள்ளே இருப்பது கசிந்து, கிருமி செத்துப்போகும்.

அப்புறம் என்ன, நேரடியாக ஊற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஆய்வகத் தட்டில் ஒரு சொட்டில் வேலை செய்யும் கிராம்பு எண்ணெய், தொக்குக்குள் போனதும் அங்கே இருக்கும் எண்ணெயிலும் புரதத்திலும் ஒட்டிக்குது. கிருமியிடம் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். சரி, அளவைக் கூட்டலாம் என்றால் தக்காளி தொக்கு பல்வலி மருந்து மாதிரி மணக்கும். தேங்காய் பர்ஃபியில் ஓம வாசனை வந்தால் யார் வாங்குவாங்க? போதாததுக்கு, இவை காற்றில் ஆவியாகும், வெயிலில் கெடும், தண்ணீரில் கரையாது.

கேப்சூல் என்ன செய்யும்?

எண்ணெயைக் கருவேல் இனத்துப் பிசினான கம் அரபிக் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் கரைசலில் நன்றாக அடித்துக் கலக்கி, 150 முதல் 200 டிகிரி சூட்டுக் காற்றில் பீய்ச்சுவாங்க. ஸ்ப்ரே ட்ரையிங் என்று பெயர். சில நொடிகளில் தண்ணீர் ஆவியாகி, எண்ணெயைச் சுற்றி மெல்லிய ஓடு கட்டிடும். கடைசியில் கிடைப்பது பால் பவுடர் மாதிரி ஒரு தூள். வாசனை அடங்கியிருக்கும், தண்ணீரில் கலக்கும், மெதுமெதுவாக வெளியே வரும்.

கொங்கு பகுதிக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை. துணிக்கு வாசனை ஏற்றும், கிருமி அண்டாமல் செய்யும் ஃபினிஷிங்கிலும் இதே கேப்சூல் டெக்னிக்தான். உணவில் நல்ல உதாரணம் பேக்கரி. சார்பிக் அமிலத்தை அப்படியே மாவில் போட்டால் ஈஸ்ட் சுருண்டுடும், மாவு உப்பாது. அதையே கொழுப்பு பூசிப் போட்டால், ஓவன் சூட்டில் கொழுப்பு உருகிய பிறகுதான் அமிலம் வெளியே வரும். அதற்குள் ஈஸ்ட் தன் வேலையை முடிச்சிருக்கும்.

கோவையில் நடந்த மாம்பழ ஆராய்ச்சி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து 2012 முதல் ஹெக்ஸனால் என்ற பொருளை மாம்பழத்தில் சோதித்தாங்க. புல் வெட்டும்போது வருமே ஒரு பச்சை வாசனை, அதில் இருப்பது இது. செடிகள் தாங்களே உருவாக்குவது. கிருமியைக் கொல்வது இதன் முதல் வேலை இல்லை. பழத்தின் செல் சவ்வைக் கரைக்கும் நொதியைத் தடுத்து, பழுப்பதைத் தள்ளிப்போடும். கூடவே பூஞ்சையையும் கொஞ்சம் அடக்கும்.

இதுவும் சீக்கிரம் ஆவியாகும் பொருள். அதனால் தெளிப்பதற்கு நானோ எமல்ஷனாகவும், பெட்டிக்குள் வைக்க நுண் இழைகளில் அடைத்தும் முயற்சி செய்தாங்க. இங்கே கவனிக்க வேண்டியது, மருந்து பழத்தோடு கலக்கத் தேவையே இல்லை. பக்கத்தில் இருந்து ஆவியாக வந்தால் போதும். சுவைப் பிரச்சினை பாதி அங்கேயே முடிஞ்சுது. கேப்சூல் முறைக்கு ஊறுகாயைவிடப் பழப்பெட்டியும் பேக்கிங் கவரும்தான் எளிதான இடம் என்று சொல்ல இதுவே காரணம்.

அப்போ தொக்கு பாட்டிலுக்கு?

முதல் தடை விலை. பென்சோயேட் மலிவு, ஒரு சிட்டிகை போதும். கேப்சூல் தூளுக்கு எண்ணெய் பிரிக்கணும், ஸ்ப்ரே ட்ரையர் ஓட்டணும்.

இரண்டாவது, ஓடு. ஆய்வுகளில் அடிக்கடி வரும் கைட்டோசான் பெரும்பாலும் இறால் ஓட்டில் இருந்து எடுப்பது. ஜெலட்டின் விலங்கு எலும்பு, தோலில் இருந்து வருவது. பச்சைப் புள்ளி போட்டு விற்கும் மாங்காய் ஊறுகாய்க்கு இது சரிப்படுமா? மேலும் கிராம்புப் பொடி தூவுவதும், பிரித்தெடுத்த யூஜினாலை ஓட்டில் அடைத்துச் சேர்ப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்று இல்லை. ஓடும் உணவில் சேரும் பொருள்தான். அந்த உணவில் அதற்கு அனுமதி உண்டா என்று தனியாகப் பார்க்கணும்.

மூன்றாவது, லேபிள். 2018 விளம்பர விதிகளின்படி, பல பொருட்கள் கலந்த உணவை நேரடியாக 'நேச்சுரல்' என்று சொல்ல முடியாது. 'இயற்கைப் பொருட்களால் ஆனது' என்று சொல்லலாம், அதுவும் எல்லாப் பொருளும் அந்தத் தகுதிக்கு வந்தால்தான். இவ்வளவு செலவு செய்தும் எந்த வார்த்தைக்காகச் செய்தாங்களோ, அதைப் பெரிய எழுத்தில் போட முடியாமல் போகலாம்.

இட்லி மாவு பாக்கெட் விற்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாவு பொங்குவதே பாக்டீரியாவால்தான். கிருமிக்கொல்லி போட்டால் கெட்டதோடு நல்லதும் போயிடும். அங்கே ஃப்ரிட்ஜ்தான் ப்ரிசர்வேட்டிவ்.

தொக்கு, ஊறுகாய்க்கு இப்போதைக்குக் கைகொடுப்பது புளிப்பு. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால், உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் பாக்டீரியா வளராது. எண்ணெயில் மூழ்கிய பூண்டில் புளிப்பு குறைவு, காற்றும் படாது. 'மேலே எண்ணெய் நிக்குது, கெடாது' என்று அதை நம்பி வெளியில் வைப்பது ஆபத்து. பி.எச். மீட்டர் ஒன்று, சூடாக நிரப்பிய சுத்தமான பாட்டில், உலர்ந்த கரண்டி. 211 இல்லாமல் விற்க நினைப்பவர்கள் முதலில் பணம் போட வேண்டியது இவற்றில்தான்.