ஐயப்பட்டவர்களுக்கும் பங்கு உண்டு

ஈர்ப்பலையைப் பற்றிப் பேசினால் இரண்டு ஆண்டுகளைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1916-ல் ஐன்ஸ்டைன் கணித்தார், 2015-ல் கண்டறிந்தார்கள். இடைப்பட்ட 99 ஆண்டுகள் எங்கே போயின? அவை ஒரு பெரிய வழக்காக நடந்தன. நாம் படிக்க வேண்டியது தீர்ப்பை மட்டுமன்று, அந்த வழக்கையும்தான் என்பது என் கருத்து.

முதலில் ஐயப்பட்டவர்களில் ஐன்ஸ்டைனே ஒருவர். 1936-ல் ரோசனோடு சேர்ந்து, அத்தகைய அலைகள் இல்லை என்று கட்டுரை எழுதி அமெரிக்க ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை வேறோர் அறிஞரிடம் காட்ட, அவர் பிழை இருப்பதாக எழுதிவிட்டார். ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம்! கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் முடிவை மாற்றி வேறோர் இதழில் வெளியிட்டார். ஐன்ஸ்டைனின் தாளையும் திருத்த ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.

அடுத்து வந்தவர் ஜோசப் வெபர். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள அலுமினிய உருளையை மேரிலாந்தில் தொங்கவிட்டார். சிகாகோ அருகே இன்னொன்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். இரண்டும் ஒரே கணத்தில் அதிர்ந்தால், அது தெருவில் லாரி போன அதிர்வாக இருக்க முடியாதல்லவா? ஈர்ப்பலை அகப்பட்டது என்று 1969-ல் அறிவித்தார். உடனே பல நாடுகளில் உருளைகள் தொங்கின. ஒன்றிலும் அலை வரவில்லை. ரோச்செஸ்டர் கருவியும் தம் கருவியும் ஒத்து அதிர்ந்தன என்று வெபர் காட்டியபோதோ, இரு பதிவுகளின் கடிகாரக் கணக்கும் நான்கு மணி நேரம் வேறுபட்டிருந்தது தெரியவந்தது! 1974-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ரிச்சர்டு கார்வின் அவரை நேருக்கு நேர் மறுத்தார். 2000-ல் மறையும்வரை வெபர் தம் கூற்றைக் கைவிடவில்லை. அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதை அளந்து பார்க்கலாம் என்று முதன்முதலில் துணிந்து இறங்கியவர் அவரே.

அந்தச் சூடு லைகோ விஞ்ஞானிகளுக்கு நினைவிருந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று 3000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரு கருவிகளும் 7 மில்லி விநாடி முன்பின்னாக ஒரே குறிப்பைக் காட்டின. நான்கு கிலோமீட்டர் நீளக் குழாயில் ஏற்பட்ட மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். அங்கிருந்தோர் துள்ளிக் குதிக்கவில்லை. யாரோ போலிக் குறிப்பைச் செலுத்தியிருப்பார்களோ என்றுதான் தேடினார்கள். 2010-ல் அவர்களைச் சோதிக்கவே அப்படி ஒன்று இரகசியமாகச் செலுத்தப்பட்டிருந்தது. ஐந்து மாதம் துருவிய பின்னரே உலகுக்குச் சொன்னார்கள். 2017-ல் கோபன்ஹேகன் குழுவொன்று மீண்டும் ஐயம் எழுப்பியது. அளவீடுகள் எல்லாருக்கும் திறந்திருந்தமையால் வெளியார் தனியே கணக்கிட்டனர், குறிப்பு நிலைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 ஜூனில் இந்தியத் துடிப்பு விண்மீன் ஆய்வுக் குழுவினர், ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து ஓர் அறிவிப்புச் செய்தனர். புணேக்கு அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகள் அதில் இருந்தன. நம் உதகை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் தொலைநோக்கியும் அந்தக் குழுவின் தொடக்க ஆண்டுகளில் உழைத்தது. மிக நீண்ட ஈர்ப்பலைகளின் தடம் தெரிகிறது என்றார்கள். ஆனால் ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்லவில்லை. ‘சான்று உள்ளது’ என்றே சொன்னார்கள். தற்செயலாக அமையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கே குறைந்திருந்தது. இத்துறையின் வழக்கம் 35 இலட்சத்தில் ஒன்று கேட்கிறது. இந்த ஒரு சொல்லடக்கம் என்னை மிகவும் கவர்ந்தது.

என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. இதையெல்லாம் மங்கலம்பேட்டை வீட்டில் சொன்னபோது, “அத யாருடா கண்ணால பாத்தது?” என்றார். கார்வின் கேட்டதும் ஏறக்குறைய இதுதானே! விருத்தாசலத்தில் பீங்கான் வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்தே வாங்குகிறோம். கீறல் இருந்தால் ஓசை மங்கிவிடும். கருந்துளையும் சுண்டினால் ஒலித்து அடங்கும், அந்த ஓசை அதன் தன்மையைச் சொல்லும் என்று 1970-ல் காட்டியவர் பெங்களூரின் சி. வி. விசுவேசுவரா.

வேறொரு வகை ஐயமும் உண்டு. “எல்லாம் ஏமாற்று, பணம் பண்ணும் வேலை” என்பது. மராட்டிய மாநிலம் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா அமைக்க 2023 ஏப்ரலில் 2600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. ஏழை நாட்டில் இது தகுமா என்று கேட்பது நியாயமே, கணக்கும் கேட்கலாம். ஆனால் வெபரை மறுத்தவர்கள் தாமும் உருளை கட்டிப் பார்த்துவிட்டு மறுத்தார்கள். திண்ணையில் இருந்தபடியே மறுப்பவரை அவர்களோடு சேர்க்க என்னால் முடியாது.

நம் ஆய்வகத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. தனி ஊசலில் புவிஈர்ப்பு முடுக்கம் காணும்போது எல்லாருடைய ஏட்டிலும் 980 வந்துவிடுகிறது. ஒருவருக்கேனும் 940 வருவதில்லை. விடை முன்பே தெரிந்திருப்பதன் விளைவு இது. 940 வந்தவரை நிறுத்தி, ஏன் வந்தது என்று கேட்டால் ஒரு மணி நேரம் நல்ல பாடம் நடக்கும். பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். வரும் ஆண்டு இயற்பியல் மன்றத்தில் இந்த வழக்கையே பட்டிமன்றமாக வைக்கலாம். கார்வின் பக்கம் பேசப் பலர் வருவார்கள். வெபர் பக்கம் பேச ஆளில்லையென்றால் என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.