செல்ஃப் எடுக்கல!

போன வாரம் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸை நான் கழட்டி மாட்டின வீரக்கதையைப் படிச்சுட்டு, 'நீ பெரிய ஆளுடா மச்சி'னு ஏத்திவிட்ட நல்ல உள்ளங்களே... அந்தப் பெரிய ஆள் மண்ணைக் கவ்வின கதை இந்த வாரம். எங்கப்பா கண்ணுல மட்டும் இந்தப் பக்கம் படாமப் பார்த்துக்கங்க. ப்ளீஸ்!

எங்க ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குப் பூ வியாபாரம். விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துல மொக்கு பறிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அக்கம்பக்கத்துத் தோட்டத்து மல்லியையும் சேர்த்து, எங்க பழைய பெட்ரோல் வேன்ல ஏத்தி, மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகணும். மல்லி யாருக்காகவும் காத்திருக்காது. காலையில மொக்கா இருக்கிறது சாயங்காலம் விரிஞ்சு நிக்கும். லேட்டாப் போனா நல்ல விலை கொடுக்கிற ஆளுங்க வாங்கி முடிச்சுட்டுக் கிளம்பியிருப்பாங்க. வேன் வயசுல என்னைவிட மூத்தது. கார்பரேட்டர் காலத்து வண்டி.

செமஸ்டர் லீவு, வெள்ளிக்கிழமை. பூ எல்லாம் ஏத்தியாச்சு. அப்பா சாவியைத் திருப்புறார். 'டக்'. அவ்வளவுதான். மறுபடி திருப்புறார். மறுபடியும் ஒரே ஒரு 'டக்'.

நம்ம ஊர்ல வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா கூட்டம் எங்கிருந்துதான் வருமோ! "பெட்ரோல் அடைச்சிருக்கும்", "ப்ளக்கைக் கழட்டித் துடை", "சோக்கை இழுத்துப் பாரு"னு ஆளுக்கு ஒரு தீர்ப்பு. அப்பத்தான் அம்மா அந்த டயலாக்கைச் சொன்னாங்க. "ஏன், நம்ம பையன்தான் இன்ஜினீயருக்குப் படிக்கிறான்ல? அவன் பார்க்கட்டுமே!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. மெக்கானிக்கல், மூணாவது வருஷம். ஆட்டோ சைக்கிள் படத்தைக் கண்ணை மூடிட்டு வரைவேன். (அந்த 'ஆட்டோ' நிக்கோலஸ் ஆட்டோங்கிற ஜெர்மன்காரர் பேரு பாஸ், மூணு சக்கரம் இல்ல!) ஆனா, வேன் சீட்டைத் தூக்கினா எது எங்க இருக்குன்னு தெரியாது. தெரியாதுன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? "பேட்டரி போச்சுப்பா"ன்னேன் கெத்தா.

"லைட்டு பளிச்சுனு எரியுதேடா?"

"லைட்டுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும்ப்பா. செல்ஃபுக்குத்தான் நிறைய வேணும்."

கூட்டமே தலையாட்டுச்சு. நான் சொன்னது பாதி உண்மை. அதான் ஆபத்தே. அன்னிக்கு ஆறு பேர் சேர்ந்து தள்ளி, ரெண்டாவது கியர்ல விட்டு, வண்டி கிளம்பிடுச்சு. ஆனா, மார்க்கெட் போய்ச் சேர ஒரு மணி நேரம் லேட். சாயங்காலம் அப்பா பூக்காசுல இருந்து பணத்தை எண்ணிக் கொடுத்து, "நீயே பார்த்து வாங்கிட்டு வா"ன்னார். பழைய பேட்டரியைத் தூக்கிட்டு கடைக்குப் போனா, கடைக்கார அண்ணன் "தம்பி, ஒரு தடவை செக் பண்ணிடலாமா?"ன்னு கேட்டார். "வேணாம்ண்ணே, போயிருச்சு. புதுசு கொடுங்க"ன்னேன். பழசை எடைக்குப் போட்டது போக, 3,600 ரூபாய்.

மறுநாள் காலை. புது பேட்டரி. பூ ஏத்தியாச்சு. அப்பா சாவியைத் திருப்புறார்.

'டக்'.

அப்பா ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தாக்கூட தேவலை. இறங்கிப் போய் வண்டி தள்ள ஆள் கூப்பிட்டார்.

அவர் மார்க்கெட்டுல இருந்து திரும்பினதும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். எட்டாங்கிளாஸ்தான் படிச்சவர். வந்ததும் ஸ்பேனரை எடுக்கல. கேள்வியா கேட்டார்.

"சத்தம் எப்படி வருது தம்பி? ஒரு 'டக்'கா, 'டக்டக்டக்'னு விடாம அடிக்குதா? இல்ல, நல்லா சுத்திட்டு ஸ்டார்ட் மட்டும் ஆக மாட்டேங்குதா?"

இந்த மூணும் வேற வேற வியாதியாம்! இன்ஜின் ஜோராச் சுத்தியும் ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரி, செல்ஃப் மோட்டார் ரெண்டையும் மறந்துடலாம். அப்ப பெட்ரோல் வருதா, ப்ளக்குல பொறி வருதான்னுதான் பார்க்கணும். புது வண்டின்னா, சாவியைப் போட்டதும் பின்சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்ட் பெட்ரோல் பம்ப் 'ங்ங்ங்'னு முனகுதான்னு காது கொடுத்துக் கேட்கலாம். 'டக்டக்டக்'னு அடிச்சா பெரும்பாலும் பேட்டரியில சார்ஜ் இல்ல. ஒரே 'டக்'னா கரன்ட் வழியில எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்கலாம், இல்லைன்னா செல்ஃப் மோட்டாரே மக்கர்.

அடுத்து, "ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு. நான் முன்னாடி நின்னு பார்க்கிறேன்"ன்னார். லைட் எரியுதாங்கிறது கேள்வி இல்லையாம். செல்ஃப் அடிக்கிறப்ப அது மங்குதாங்கிறதுதான் கேள்வி. பேட்டரி வீக்குன்னா லைட் செத்துப்போற மாதிரி மங்கும். எங்க வேன்ல அசையாம எரிஞ்சுது. "நேத்தும் இப்படித்தானே எரிஞ்சிருக்கும்?"ன்னு கேட்டார். நான் வேன் டயரைப் பார்த்துட்டு நின்னேன்.

அப்புறம் பண்ணாரு பாருங்க, அதான் மேட்டர்! தடிமனான ஒரு கேபிளை எடுத்தார். ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனையை நேரா இன்ஜின் இரும்புல கடிக்கவிட்டு, "இப்பத் திருப்பு"ன்னார். திருப்பினேன். வண்டி 'விர்ரூம்'!

வண்டியில ஒவ்வொரு லைட்டுக்கும் ரெண்டு வயர் நீளமா இழுக்கிறதில்ல மக்களே. ப்ளஸ் வயர்ல போற கரன்ட், பாடி இரும்பு வழியாத்தான் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வரும். ஆனா, இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர்ல கரன்ட் போகாது. அதனால இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பட்டை எர்த் வயர் உண்டு. எங்க வேன்ல அந்தப் போல்ட்டுக்கு அடியில அத்தனை வருஷத் துரு. ஹெட்லைட்டும் ஹாரனும் பாடியிலயே எர்த் எடுத்துக்கிறதால அதுக்கெல்லாம் ஒரு குறையும் இல்ல.

மீட்டரை என் கையில கொடுத்து, ஒரு முள்ளை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இன்ஜின்லயும் வைக்கச் சொன்னார். செல்ஃப் அடிக்கிறப்ப அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாதாம். 5 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு! பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், கடைசியில கொஞ்சம் கிரீஸ். கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. கூலி 150 ரூபாய்.

ராத்திரி நோட்டை எடுத்து கணக்குப் போட்டேன். ஒரு ஹெட்லைட் பல்ப் 55 வாட். 12 வோல்ட்டுல 5 ஆம்பியர்கூட இழுக்காது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல இழுக்கும். துருவால வந்த தடை வெறும் 0.05 ஓம்னு வெச்சாக்கூட, 100-ஐப் பெருக்கினா 5 வோல்ட் அந்தப் போல்ட்டுலயே காலி. ஓம் விதி! பத்தாங்கிளாஸ்லயே படிச்சது. முதல் வருஷம் அதே பேப்பர்ல எனக்கு 'ஓ' கிரேடு வேற. சிரிக்காதீங்க.

பழைய பேட்டரிக்கு ஒண்ணுமே ஆகலைன்னு அப்பாகிட்ட நானேதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி விடு, புதுசு நாலு வருஷத்துக்கு வரும்ல"ன்னார். மறுநாளே போய் 300 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கிட்டேன். என் பாக்கெட் மணிதான்!

லீவு முடியுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காலையில அப்பா வாசல்ல இருந்து சத்தம் போட்டார். "தம்பி, உங்க பெரியப்பா டிராக்டர் செல்ஃப் எடுக்கலையாம். அந்த மீட்டரை எடுத்துட்டு வா."

பல்கூட விளக்காம ஓடினேன். ஏற்கெனவே ஏழெட்டு பேர் கூடியிருந்தாங்க. "பேட்டரிதானே மாப்ள?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

"இருங்கண்ணே... பெரியப்பா, சத்தம் எப்படி வந்துச்சு? ஒரு 'டக்'கா, 'டக்டக்டக்'கா?"