உருக்கினா ஒண்ணாயிடுமா மக்கா?

ரொம்ப நாளா இங்க ஒட்டடை படிஞ்சு கிடக்கு. இன்னைக்குக் கொஞ்சம் கோவத்தோட வந்திருக்கேன்.

லீவுக்கு ராஜாக்கமங்கலம் போயிருந்தேன். வீட்டுல ஒரு கறுப்பு பக்கெட், வாங்கி ஆறு மாசம்கூட ஆகலை. விளிம்பு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுது. "மறுசுழற்சி சாமான்ல, அப்படித்தான் இருக்கும்"னு அம்மா சொல்லிட்டாங்க. அப்படித்தான் இருக்கணுமா என்ன?

நம்ம ஆளுங்க பல பேரோட நம்பிக்கை இதுதான்: எந்தப் பிளாஸ்டிக்கா இருந்தாலும் மொத்தமா அள்ளி உருக்கினா ஒண்ணாயிடும். ஆகாதுங்க. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உருக்கினாலோ எண்ணெயும் தண்ணியும்தான். வேகமா கலக்கினா ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள பொடித் துளியா நிக்கும். கலக்குறதை நிறுத்திட்டுச் சூட்டுல அப்படியே வச்சா, ரசத்துல நெய் சேர்ற மாதிரி துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும். ஆறினதும் ரெண்டுக்கும் நடுவுல பிடிப்பே இருக்காது. அச்சுல அழுத்தி வார்க்கும்போது அந்தத் துளிகள் தட்டையாகி அடுக்காகிடும். அம்மா பக்கெட்டோட மேல்தோல் உரியுறது இதனாலதான். கூடவே, உருக்குற ஒவ்வொரு தடவையும் பாலிபுரொப்பிலீனோட சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமா அறுந்துகிட்டே வரும்.

"அப்போ ரோட்டுல போடு"ன்னு அடுத்த தீர்வு ரெடியா இருக்கும். பிளாஸ்டிக் ரோடு நல்ல விஷயம்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்ச முறை அது. 2018-ல அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சுது. ஜல்லியை 160-170 டிகிரி சூடாக்கி, துண்டாக்கின பிளாஸ்டிக்கைத் தூவினா அது உருகிக் கல்லு மேல மெல்லிய தோலா படியும். அப்புறம் தார். தண்ணி உள்ள போய் தாரைக் கல்லுல இருந்து பிரிக்கிறது குறையும். வருஷத்துக்கு ரெண்டு மழை பார்க்குற நம்ம மாவட்டத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்?

ஆனா அந்தச் சூட்டுல உருகுறதுதானே படியும்? பாலிஎத்திலீன் சுமார் 130-ல உருகிடும். நைலான் வலை உருக 220 வேணும், தண்ணி பாட்டிலுக்கு 250. அந்த ஜல்லியில போட்டா நூல் நூலாவே கிடக்கும். பிவிசி போட்டா அமில வாயுதான் வரும். சூட்டைக் கூட்டலாமேன்னு கேட்காதீங்க, தார் கெட்டுப் போகும்.

சூடு மேல எனக்கு ஒண்ணும் பகை இல்லை. நைலான் வலையை உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்கி, இழுத்துப் பிடிச்சு ஆறவிட்டா முடிச்சு நகராம இறுகும். அதே வலையை உருக்கிட்டா, இழையில வரிசையா நின்ன சங்கிலிகள் கலைஞ்சு அந்த பலம் போயிடும். எதை, எவ்வளவு சூட்டுல, எவ்வளவு நேரம்ங்கிறதுதான் கேள்வியே.

துறையில வலை பின்னிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட இதையெல்லாம் பெருசா விளக்கினேன். அவர் சிரிச்சுட்டு, "நைலான் முங்கும், கயிறு மிதக்கும். இது தெரியாமலா மக்கா கடலுக்குப் போறோம்?"னார். மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா தட்டுறவனுக்குத் தேவைதான் :-)

ஆமா, நைலான் தண்ணியைவிடக் கனம். கயிறு செய்யுற பாலிபுரொப்பிலீனும், தடி வலை நூல் பாலிஎத்திலீனும் தண்ணியைவிட லேசு. ஒரு தொட்டித் தண்ணியும் ரெண்டு சாக்கும் போதும், பாதிப் பிரிப்பு கரையிலேயே முடிஞ்சுது. நாம என்ன செய்யறோம்? வலை, கயிறு, பாட்டில், கவர் எல்லாத்தையும் ஒரே குப்பையா அள்ளிட்டு, அப்புறமா உருக்குற மெஷின் கேட்டு மனு கொடுக்கறோம்.

மெஷினுக்கு ஒதுக்குற காசுல கொஞ்சம் சாக்குக்கும் ஒதுக்குங்க சாமி. பிரிக்காம உருக்கினா அதுக்குப் பேரு மறுசுழற்சி இல்ல, குப்பையோட அடுத்த அவதாரம்.

டிஸ்கி: பக்கெட்டை இன்னும் தூக்கிப் போடலை. எந்தக் குப்பையில போடறதுன்னு தெரியலை!